ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம்: கடலுக்குள் தூண்டில் போடப் போகலாமா?

61 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

சிறு வயதிலிருந்தே ஆற்றிலும் ஏரியிலும் தூண்டில் போட்டுப் பழகியவர். கடலில் போட்டதில்லை. ஐந்து மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, இதயத்தின் ஒரு ரத்தக் குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக் குழாய் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மெட்டோபிரோலால், கொழுப்பு மாத்திரை, சர்க்கரைக்கு மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். புராஸ்டேட் வீக்கத்தால் இரவில் மூன்று முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. இப்போது மகளும் மருமகனும் சேர்ந்து, வழிகாட்டியோடு போகும் மீன்பிடிப் படகு ஒன்றில் அவருக்கு இடம் பதிவு செய்திருக்கிறார்கள். பத்து மணி நேரப் பயணம். மீன் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரவே இரண்டரை மணி நேரம். முன்பின் தெரியாத வேறு எட்டுப் பேரும் அதே படகில் வருகிறார்கள்.

மனைவிக்கு இதில் துளியும் சம்மதமில்லை. “ஹார்ட் பேஷன்ட் கடலுக்குப் போவதா?” என்கிறார். இவரோ எல்லாவற்றுக்கும் வழி யோசித்து வைத்திருக்கிறார். முள் குத்தினால் ரத்தம் நிற்காது என்பதால் மூன்று நாள் முன்பே “ரத்தம் மெலியும் மாத்திரை”களை நிறுத்திவிடலாம். வாந்தி வராமலிருக்க முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி கிடக்கலாம். தலைசுற்றினால் நண்பர் கொடுத்திருக்கும் மருந்துப் பட்டையைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம். இதய நோயைப் பற்றிப் படகுக்காரரிடம் வாய் திறக்க வேண்டாம், தெரிந்தால் ஏற்ற மாட்டார். “தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் இதயத்துக்கு என்ன சிரமம் டாக்டர்?” என்று கடிதத்தை முடிக்கிறார்.

ஐயா, முதலில் உங்கள் மனைவி கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்தவர் ஆயுளுக்கும் படகில் ஏறக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஐந்து மாதம் ஆகிவிட்டது, நெஞ்சுவலி இல்லை, இதயம் சுருங்கி விரியும் திறன் நன்றாக இருக்கிறது, இரண்டு மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை என்றால் தூண்டில் போடுவது உங்களுக்குத் தடை செய்யப்பட்ட காரியம் அல்ல. ஆனால் அவருடைய பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நீங்கள் தள்ளிவிட்டீர்கள். கடல் உங்கள் இதயத்தைக் கெடுக்கும் என்பதல்ல விஷயம். ஏதாவது ஆனால் கரை எவ்வளவு நேரத்தில் வரும் என்பதுதான்.

மாரடைப்பில் அடைபட்ட குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். முதல் இரண்டு மணி நேரம் ரொம்ப முக்கியம். நீங்கள் பதிவு செய்திருக்கும் பயணத்தில் திரும்பி வருவதற்கே இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்கு மேல் கரையிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் நேரம். கூட வருகிற எட்டுப் பேரும் காசு கொடுத்து வந்தவர்கள். “எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது” என்று நீங்கள் சொன்னால், “கடல் மயக்கம்தான், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்” என்றுதான் எல்லோரும் தேற்றுவார்கள். அப்படித் தேற்றுவது தப்பும் இல்லை, பெரும்பாலும் அது கடல் மயக்கமாகத்தான் இருக்கும். உங்கள் விஷயத்தில் மட்டும் அந்தப் பேச்சு ஆபத்து.

குமட்டல், வியர்வை, முகம் வெளுப்பது, தலைசுற்றல் எல்லாம் கடல் மயக்கத்தின் அறிகுறிகள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போதும் வியர்வை, தலைசுற்றல், குமட்டல் வரும். மாரடைப்பிலும் இதேதான். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வியர்வையும் மூச்சிரைப்புமாகக்கூட மாரடைப்பு வரலாம். போதாக்குறைக்கு நீங்கள் சாப்பிடும் மெட்டோபிரோலால், சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் அது மறைக்காது. கரையில் இருந்தால் இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பிரித்துப் பார்த்துவிடுவோம். படகில் உங்கள் பையில் இருக்கும் சர்க்கரை பார்க்கும் கருவிதான் ஒரே துணை. அதனால் அதை எடுத்துப் போங்கள். வியர்த்தால் முதல் வேலை விரலைக் குத்திப் பார்ப்பது. 70-க்குக் கீழே என்றால் குளுக்கோஸ் 15 கிராம் சாப்பிட்டுவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அளவு சரியாக இருந்தும் வியர்வையும் மூச்சிரைப்பும் நிற்கவில்லை என்றாலோ, நெஞ்சு, தாடை, இடது கை எதிலாவது இறுக்கம் இருந்தாலோ அதைக் கடல் மயக்கம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். படகைத் திருப்பச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரையை நிறுத்துவது பற்றி

உங்கள் யோசனைகளிலேயே ஆபத்தானது இதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கின்றன. ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். மருந்து பட்ட அணு அந்த ஆயுள் முழுக்கச் செயலிழந்துதான் கிடக்கும். மூன்று நாள் நிறுத்தினால் புதிதாக உண்டான அணுக்கள் கொஞ்சம் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். முள் குத்திய இடத்தில் ரத்தக் கசிவு பெரிதாகக் குறையாது. ஆனால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைவதற்கு அந்த இடைவெளி வழி விட்டுவிடும். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக 12 மாதம் இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது இதற்காகத்தான். நீங்கள் இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை.

ரத்தம் நிற்காது என்ற பயத்துக்கு வேறு வழி இருக்கிறது. கையுறை போடுங்கள். முள் கீறினால் சுத்தமான துணியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை “நின்றுவிட்டதா” என்று திறந்து பார்ப்பதுதான் பலர் செய்கிற தப்பு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உறைய ஆரம்பித்தது பிய்ந்துபோகும். தூண்டில் முள் விரலில் ஆழமாக ஏறிவிட்டால் வந்த வழியே வெடுக்கென்று இழுக்காதீர்கள். நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் அந்தச் சின்னக் கூர் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அனுபவமுள்ள வழிகாட்டிகளுக்கு அதை எடுக்கத் தெரியும். ஆனாலும் உங்களுக்கு, அசையாமல் கட்டுப் போட்டுக்கொண்டு கரையில் எடுப்பதே நல்லது. கண்ணில் பட்டால் யாரும் தொடக்கூடாது. அழுத்தாமல் மேலே ஒரு கோப்பையைக் கவிழ்த்து மூடி, நேராக மருத்துவமனைக்கு. அடுத்தவர் வீசும் தூண்டிலின் ஈயக்குண்டும் முள்ளும் எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது. எட்டுப் பேர் நிற்கிற படகில் கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அழுக்குப் படிந்த காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்வது சுலபம். இன்னொன்று, உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் சொல்கிறேன். இளஞ்சூடான கடல்நீரிலும் கழிமுகத்திலும் விப்ரியோ என்ற பாக்டீரியா இருக்கும். சின்னக் கீறல் வழியாக ஏறினாலும், சர்க்கரை நோயோ ஈரல் நோயோ இருப்பவர்களுக்கு ஒரே நாளில் பெரிய விஷயமாகிவிடும். திரும்பி வந்த பிறகு காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ “காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று படுக்காதீர்கள்.

பட்டினியும் காதுப் பட்டையும்

வெறும் வயிற்றோடு போனால் வாந்தி வராது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் குமட்டல் வெறும் வயிற்றிலும் வரும், வந்தால் இன்னும் மோசமாக இருக்கும். கடல் மயக்கம் வயிற்றில் ஆரம்பிப்பதே இல்லை. உடம்பு ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது, பக்கத்தில் இருக்கும் பொருளைப் பார்க்கும் கண் ஆடவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாக வருகிறது. உங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கிளிமிபிரைடு சாப்பிட்டுவிட்டுப் பட்டினி இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து அதிகம். அதனால் எண்ணெய் அதிகமில்லாத எளிய உணவைக் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டே படகில் ஏறுங்கள். அன்றைக்கு கிளிமிபிரைடைக் குறைப்பதா, விடுவதா, வாந்தி எடுத்தால் மெட்பார்மினை என்ன செய்வது என்பதை உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

நண்பர் கொடுத்த பட்டையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் இருப்பது ஹையோசின் என்ற மருந்து. கடல் மயக்கத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒட்டியவுடனே செய்யாது. புறப்படுவதற்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பாவது ஒட்டியிருக்க வேண்டும். தலைசுற்றின பிறகு ஒட்டினால் கரைக்குத் திரும்பும்போதுதான் பலன் தெரியும். உங்களுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை, புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு இந்த மருந்து சிறுநீரை அடைத்துவிடலாம். நடுக்கடலில் சிறுநீர் அடைத்துக்கொண்டு மூத்திரப்பை புடைக்கிற வேதனை என்னவென்று ஒரு தடவை பட்டவர்களுக்குத்தான் தெரியும். கண் அழுத்த நோயின் ஒரு வகையிலும் இது கூடாது. பட்டையைத் தொட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். ஆகவே அதை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகளிலும் இதே சிறுநீர்த் தொல்லை உண்டு. சின்னரிசினில் அது ஒப்பிட்டால் குறைவு, ஆனாலும் தூக்கம் வரும். எதைச் சாப்பிடலாம் என்று உங்கள் எல்லா மாத்திரைகளையும் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள். எதுவானாலும் வாந்தி வருவதற்கு முன்பே சாப்பிட வேண்டும். குமட்ட ஆரம்பித்துவிட்டால் வயிறு மந்தமாகிவிடும், மாத்திரை உள்ளேயே கிடக்கும். அப்புறம், படகில்தான் முதல் தடவையாகச் சாப்பிட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் முன்னால் வீட்டில் சாப்பிட்டு, எவ்வளவு தூக்கம் வருகிறது, எழுந்து நிற்கும்போது தள்ளாடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த மாத்திரையும் நீங்கள் ஏற்கெனவே சாப்பிடுபவையும் சேர்ந்து ரத்த அழுத்தத்தை இறக்கிவிட்டால் ஈரமான தளத்தில் வழுக்கி விழுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

மருந்தைத் தவிர்த்துச் செய்யக்கூடியதும் நிறைய. படகின் நடுவில், தாழ்வான இடத்தில் ஆட்டம் குறைவு. முன்முனையில் அதிகம். கேபினுக்குள் போய்ப் படுத்துக்கொள்வதும் போனைக் குனிந்து பார்ப்பதும் கூடாது. வானமும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். டீசல் புகை வரும் பக்கம் நிற்காதீர்கள். படகு ஓடும்போது இல்லாத குமட்டல், இன்ஜினை அணைத்துவிட்டு அலையில் மிதக்கவிட்டுத் தூண்டில் போடும்போதுதான் பலருக்கு ஆரம்பிக்கும். புழுவை முள்ளில் கோர்க்கக் குனிகிற அந்த அரை நிமிடம் ரொம்ப மோசம். அந்த வேலையை மருமகனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் குடித்தால் அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று குடிக்காமல் இருக்காதீர்கள். ஸ்டென்ட் இருப்பவர் வெயிலில் வறண்டு போகக்கூடாது. படகில் கழிவறை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். சின்னப் படகுகளில் இருக்காது. கைப்பிடியைத் தாண்டி நின்றபடி சிறுநீர் கழிப்பது, ஆண்கள் படகிலிருந்து தவறி விழுகிற வழிகளில் ஒன்று. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிற உங்களுக்கு அது வேண்டாம். உட்கார்ந்தபடி ஒரு வாளியில் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உட்கார்ந்திருப்பதில் சிரமம் இல்லையா?

மீன் கடிக்கும் வரை இல்லை. கடித்த பிறகு கதையே வேறு. ஏரியில் நீங்கள் பிடித்த மீன் ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்திருக்கும். பெரிய சூரை போன்ற மீன் ஆழத்துக்கு இறங்கி அரை மணி, ஒரு மணி நேரம்கூட இழுக்கும். அந்த நேரம் முழுக்கக் கையும் முதுகும் அசையாமல் இறுகியிருக்கும். நடப்பது, ஓடுவது போல் இல்லாமல் இந்த இறுக்கம் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். கூடவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் இன்னும் ஏறும். அந்த உற்சாகத்தில் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று கவனிக்கவும் தோன்றாது.

இதற்கு வழி எளிது. சிறிய மீன்களுக்கான மெல்லிய தூண்டிலைக் கேளுங்கள். ரீலில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் திருகைத் தளர்த்தி வைக்கச் சொல்லுங்கள். மூச்சை விட்டபடி சுற்றுங்கள். பெரியது மாட்டிவிட்டால் தூண்டிலை அடுத்தவர் கையில் கொடுங்கள். முடியுமா என்று உங்கள் மனதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய தூண்டில்காரர்களுக்கு மாத்திரை சாப்பிடுவதைவிட இதுதான் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

டிரெட்மில் பரிசோதனை ஸ்டென்டுக்குப் பிறகு செய்யவில்லை என்றால் இதயநோய் மருத்துவரிடம் கேளுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருக்கலாமா என்றும் கேளுங்கள். கொடுத்தால் அதை வெயிலில் வைக்காமல் அசல் புட்டியிலேயே வையுங்கள், சாப்பிடும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆண்மைக் குறைவுக்கு சில்டனாபில் வகை மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும்.

கேப்டனிடம் மறைக்காதீர்கள்

ஏற்ற மாட்டார் என்று பயப்படுகிறீர்கள். நல்ல கேப்டன் பெரும்பாலும் ஏற்றுவார், எங்கே கூட்டிப்போவது என்பதை மாற்றிக்கொள்வார். அதுதான் உங்களுக்கு வேண்டும். நீங்கள் சொல்லாமல் போனால், அவசரத்தில் அவர் ரேடியோவில் “ஒருவர் மயங்கிவிட்டார்” என்றுதான் சொல்வார். சொல்லியிருந்தால் “ஐந்து மாதம் முன் ஸ்டென்ட் வைத்தவர், இன்னின்ன மருந்து” என்பார். கரையில் காத்திருக்கும் ஆட்களுக்கு அந்த ஒரு வரியில் எவ்வளவோ நேரம் மிச்சம். கரையை விட்டுத் தள்ளிப் போனால் கைப்பேசி எடுக்காது. அங்கே வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆவது அலைவரிசைதான் எல்லா நாட்டுக்கும் பொதுவான அவசர அழைப்பு. அது இருக்கிறதா, இதயம் நின்றால் மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி உண்டா, முதலுதவி பயிற்சி பெற்றவர் யார், உயிர்காப்பு அங்கியைப் பயணம் முழுக்கப் போட்டிருக்கலாமா, இவற்றை மருமகனைக் கேட்கச் சொல்லுங்கள். எரிச்சலோடு பதில் சொல்கிறவரின் படகு வேண்டாம். மருந்துப் பட்டியலையும் கடைசி இ.சி.ஜி.யின் நகலையும் தண்ணீர் புகாத உறையில் போட்டு மகளிடம் கொடுத்துவிடுங்கள். பயணக் காப்பீடு எடுக்கிறீர்கள் என்றால் அதிலும் இதய நோயை எழுதுங்கள். எழுதாமல் விட்டதைக் காரணம் காட்டியே பணத்தை மறுத்துவிடுவார்கள்.

சரி, போகலாமா கூடாதா? பதிவு செய்திருக்கும் இந்தப் பத்து மணி நேரப் பயணம் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக உங்கள் குடும்பம் மட்டும் ஏறும் சின்னப் படகு, அரை நாள், கரையிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் விரிகுடாவோ கழிமுகமோ. தனிப் படகென்றால் “போதும், திரும்பலாம்” என்று சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை. மீனும் குறையாது. கரையோர மீன்களில் உங்கள் கைக்குப் பழகிய அளவுதான் அதிகம். மாரடைப்பு வந்து 12 மாதம் ஆனதும் இதயநோய் மருத்துவர் மருந்துகளை மறுபடி பார்ப்பார். ஆழ்கடலுக்குப் போகிற பேச்சை அப்போது எடுங்கள். உங்கள் மனைவியையும் அந்த ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள். மருத்துவர் சொன்னதை நீங்கள் போய் அவரிடம் சொல்வதைவிட அவரே காதால் கேட்பது நல்லது.

பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டு வருவதாக இருந்தால் பிடித்தவுடனே ஐஸில் போடச் சொல்லுங்கள். சூரை, கானாங்கெளுத்தி வகைகள் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டால் முகம் சிவந்து, தலைவலித்து, நெஞ்சு படபடக்கும். உங்கள் வீட்டில் அப்போது யாரும் மீனைச் சந்தேகிக்க மாட்டார்கள், நேராக இதயத்தைத்தான் நினைப்பார்கள். சந்தேகம் வந்தால் நீங்களும் அப்படியே நினைத்து மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டோம் என்பதையும் அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

பல படகுக்காரர்கள் புறப்படும் நாள் நெருங்கிவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். தேதியையோ பயணத்தையோ மாற்றிக் கொடுக்க அவர்களுக்கும் அவகாசம் வேண்டும். அதனால் மருமகனிடம் இந்த வாரமே பேசுங்கள். இதயநோய் மருத்துவரிடமும் இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள்.